12,000 ரூபாயில் வீட்டில் பாட்டுக் கேட்க முதல் ஹெட்போன்: காசை எதில் போடுவது?

வைகைக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பதற்காக முதல்முறையாக ஒரு நல்ல ஹெட்போன் வாங்கப் போகிறேன். மொத்தம் 12,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன், அதற்கு மேல் முடியாது. இதுவரை ப்ளூடூத் இயர்பட்ஸ்தான்.

மதுரையில் மாடியில் வாடகை வீடு. பையனுக்கு எட்டு மாதம். அவனும் அவன் அம்மாவும் தூங்கிய பிறகு, ராத்திரி பத்து மணிக்கு மேல் ஹாலில் உட்கார்ந்து கேட்பேன். படுக்கையறைக் கதவு ஒருக்களித்தே இருக்கும். அவன் அழுதால் எனக்குக் கேட்க வேண்டும், என் பாட்டு அவனை எழுப்பவும் கூடாது. தலைக்கு மேல் ஃபேன் ஓடும், அது இல்லாமல் இந்த ஊரில் உட்கார முடியாது. நான் கண்ணாடி போடுகிறவன். லேப்டாப்பில் ஹெட்போன் ஜாக் இருக்கிறது, போனில் இல்லை. கேட்பதெல்லாம் எழுபது எண்பதுகளின் சினிமாப் பாட்டு, நாதஸ்வரம், கொஞ்சம் வயலின் கச்சேரி.

கடையில் விசாரித்தால், "வெறும் ஹெட்போன் வாங்கிப் பிரயோஜனம் இல்ல சார், டிஏசி, ஆம்ப் ரெண்டும் சேர்த்து எடுங்க" என்கிறார்கள். அப்படி எடுத்தால் ஹெட்போனுக்கு நாலாயிரம்தான் மிஞ்சும். இந்தப் பெட்டிகள் நிஜமாகவே தேவையா?

கொங்குமணி:

ஃபேன் சத்தமும் தெருச் சத்தமும் இருக்கும் இடத்தில், காதுக் கப்பின் வெளிப்பக்கம் அடைத்திருக்கும் மூடிய வகைதான் சரி. ஆடியோ-டெக்னிக்கா ஏடிஎச்-எம்40எக்ஸ் பாருங்கள். மின்தடை 35 ஓம்தான், லேப்டாப்பே ஓட்டிவிடும், கேபிளைக் கழற்றி மாட்டலாம். என் மேசையில் இருப்பது அதுதான், குரல் அவ்வளவு நேராக வரும். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் அதே வரிசையில் எம்20எக்ஸ். ஆனால் அதில் கேபிள் நிரந்தரமாகப் பொருத்தியது.

சுருதிப்பெட்டி:

மணி சொல்வது தனியறை உள்ளவருக்குப் பொருந்தும். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் காதை அடைத்துக்கொண்டு உட்கார மனசு வராது. ஒரு பக்கத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கேட்பீர்கள், அதற்கு எதற்குப் புது ஹெட்போன்? என் மகள் சின்னவளாக இருந்த காலத்தில் நான் கப்பின் வெளிப்பக்கம் வலைபோல் திறந்திருக்கும் திறந்த வகைக்கு மாறினேன். பக்கத்து அறையில் அவள் புரண்டு படுப்பதுகூடக் கேட்கும். கச்சேரிப் பதிவுக்கும் அதுவே நல்லது. தம்புராவின் நாதம் தலைக்குள் அடைபடாமல் கொஞ்சம் வெளியே தள்ளி நிற்கும். நான் வீணை வாசிக்கிறவள், எனக்கு அது பெரிய விஷயம்.

சால்டர்கம்பி:

தம்பி, சென்னை ரிச்சி தெருவில் ஹெட்போன், மைக், கேபிள் ரிப்பேர் பார்க்கிறேன். விற்பனை கிடையாது, அதனால் எந்தக் கம்பெனிக்கும் நான் வேண்டியவன் இல்லை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்தப் பெட்டிகள். டிஏசி என்பது டிஜிட்டல் கோப்பைக் காதுக்கு ஏற்ற மின் அலையாக மாற்றுவது, ஆம்ப் என்பது அதற்குப் பலம் கொடுப்பது. இரண்டும் உங்கள் லேப்டாப்பில் ஏற்கெனவே இருக்கின்றன. ஜாக்கில் ஒரு வோல்ட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 32 ஓம் ஹெட்போனுக்குள் அது சுமார் 31 மில்லிவாட். ஒரு மில்லிவாட்டுக்கு 100 டெசிபெல் தருகிற ஹெட்போன் என்றால் 115 டெசிபெல் வரை போகும். அவ்வளவு சத்தத்தில் யாரும் பாட்டுக் கேட்கவே கூடாது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, 80 டெசிபெல்லில் வாரத்துக்கு 40 மணி நேரம். ராத்திரி அமைதியில் நீங்கள் அதற்கும் கீழேதான் கேட்பீர்கள். பிறகு அந்த ஆம்ப் எதைத் தூக்கப் போகிறது?

ஆம்புக்கு வேலையே இல்லை என்று சொல்லவில்லை. சென்ஹைசர் எச்டி 600 மாதிரி 300 ஓம் சாமான் வாங்கினால், அதே ஒரு வோல்ட்டில் 3 மில்லிவாட்தான் உள்ளே போகும். அங்கே ஆம்ப் வேண்டும். ஓம் குறைவாக இருந்தும் உணர்திறன் குறைவான பிளேனர் (கூம்புக்குப் பதில் தட்டையான மெல்லிய படலம் அதிரும்) வகைகள் உண்டு. ஹைஃபைமேன் எச்இ400எஸ்இ-க்கு 91 டெசிபெல்தான் போட்டிருக்கிறார்கள், அதற்கும் கொஞ்சம் பலம் தேவை. ஆகவே பெட்டியில் ஓமை மட்டும் பார்க்காதீர்கள், பக்கத்தில் இருக்கும் டெசிபெல்லையும் சேர்த்துப் படியுங்கள். 100-க்கு அக்கம்பக்கம் இருந்து, ஓமும் இரண்டிலக்கத்துக்குள் இருந்தால் பெட்டியைப் பற்றிய கவலையை விடலாம்.

லேப்டாப் ஜாக்கில் உஸ்ஸென்று இரைச்சலோ ஊங்காரமோ வந்தால் மட்டும் யோசியுங்கள். முதலில் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கேளுங்கள். சத்தம் நின்றால் வினை சார்ஜரில் இருக்கிறது, பேட்டரியில் கேட்டால் போதும். அப்படியும் நிற்கவில்லை என்றால் யூஎஸ்பி டாங்கிள் ஒன்று, அதாவது யூஎஸ்பி ஓட்டையில் செருகி ஹெட்போன் ஜாக் தருகிற சின்ன இணைப்பு. போனுக்கு எப்படியும் அது தேவைப்படும், இரண்டுக்கும் அதையே மாற்றி மாற்றிச் செருகலாம். வாங்கும்போது உள்ளே டிஏசி சிப் இருக்கிறதா என்று கேளுங்கள், வெறும் கம்பியை மட்டும் வைத்த டாங்கிளும் சந்தையில் உண்டு. ஆப்பிள் டாங்கிள் விலைக்கு நல்ல சாமான். ஆனால் ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் சத்தம் அடங்கித்தான் வரும், உங்கள் போனில் செருகிப் பார்த்தே எடுங்கள்.

அடுத்து வகை. ஃபேனுக்காக மூடியது என்று மணி சொன்னார். மூடிய ஹெட்போன் தடுப்பது பெரும்பாலும் மேல்ஸ்தாயிச் சத்தத்தை. பேச்சு, பாத்திரச் சத்தம், ஹார்ன், இதெல்லாம் மட்டுப்படும். ஃபேனின் கீழ்ஸ்தாயி உறுமல் அதற்குள்ளும் புகுந்துவிடும். உங்கள் பையன் அழுகிற சத்தம் இருக்கிறதே, சரியாக அந்த மேல்பகுதியில்தான் விழும். ஆக, மூடிய வகை எடுத்தால் ஃபேன் போகாது, பையன் குரல்தான் போகும். அதோடு உங்கள் கண்ணாடி. காதுக்கு மேலே கண்ணாடிக் காம்பு போகும் இடத்தில் பேட் முழுசாகப் படியாமல் சின்ன இடைவெளி விழும். மூடிய வகையில் பேஸ் அந்த வழியாகக் கசிந்து மெலிந்துவிடும். திறந்த வகைக்கு அந்த இடைவெளி அவ்வளவாகப் பாதிக்காது. வியர்வையும் குறைவு.

ஹாலில் உட்கார்ந்து மிதமான சத்தத்தில் கேட்டால், திறந்த ஹெட்போனிலிருந்து கசிவது பக்கத்து அறை வரை போய்க் குழந்தையை எழுப்பாது. அதே கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்பதென்றால் கதை வேறு. ஃபேன் ரெகுலேட்டரை ஒரு புள்ளி குறைத்து வையுங்கள், அந்த அளவுக்குப் பாட்டின் சத்தத்தையும் குறைக்கலாம். காதுக்கு நல்லது.

இனி என் தொழில். என் மேசைக்கு வருகிற ஹெட்போன்களில் ஸ்பீக்கர் செத்துப்போய் வருவது குறைவு. கேபிள்தான் வருகிறது. ஜாக்குக்குப் பக்கத்தில் அறுந்திருக்கும், இல்லையென்றால் கப்புக்குள் நுழைகிற இடத்தில். பாடகர் குரல் மட்டும் மறைந்து, பின்னணி இசை கிணற்றுக்குள் இருந்து கேட்பதுபோல வந்தால் இரண்டு பக்கத்துக்கும் பொதுவான கிரவுண்ட் கம்பி விட்டுப்போச்சு என்று அர்த்தம். இடது வலது இரண்டிலும் பொதுவாக இருப்பது ஒன்றையொன்று அடித்துவிடும், நடுவில் நிற்கிற குரல் காணாமல் போகும். ஹெட்போனே போய்விட்டது என்று தூக்கிப் போடப் போனவர்களைத் தடுத்து, புது ஜாக் வைத்துக் கொடுத்திருக்கிறேன். அந்தக் கம்பி தலைமுடி மாதிரி இருக்கும், மேலே எனாமல் பூச்சு வேறு. அதை எரித்து எடுக்காமல் ஈயம் வைத்தால் ஒட்டாது. பொறுமை இல்லாதவர் கையில் கொடுத்தால் ஒரு வாரத்தில் திரும்பவும் விடும். அதனால்தான் சொல்கிறேன், கேபிளைக் கழற்றி மாட்டக்கூடிய மாடலாகவே பாருங்கள். கம்பி போனால் கம்பியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டாவது பேட். செயற்கைத் தோல் பேட் நம் ஊர் வெக்கையிலும் வியர்வையிலும் கருப்புச் செதிலாக உரிந்து கன்னமெல்லாம் ஒட்டும். கடலோரத்தில் இன்னும் சீக்கிரம். துணி அல்லது வெல்வெட் பேட் உரியாது.

எல்லாம் சேர்த்துப் பார்த்தால் உங்களுக்கு நான் சொல்வது பிலிப்ஸ் எஸ்எச்பி9500. திறந்த வகை, 32 ஓம், 101 டெசிபெல், துணி பேட், பெரிய கப், கண்ணாடிக்காரருக்கு உறுத்தாது. இடது கப்பில் சாதாரண 3.5 மிமீ ஓட்டைதான், வீட்டில் கிடக்கிற ஆக்ஸ் கேபிளே பொருந்தும். குறையும் உண்டு. பேட் ஒட்டி வைத்தது, மாற்றுவது சுலபமில்லை. அடி ஆழத்தில் பேஸ் மெலிவு, தவில் கொஞ்சம் தள்ளி நிற்கும். எல்லா நேரமும் கடைகளில் இருப்பு இருக்காது, விலையும் ஏறி இறங்கும். கிடைக்கவில்லை என்றால் ஏகேஜி கே240 ஸ்டூடியோ. பாதி திறந்த வகை, 55 ஓம், கேபிள் கழறும், பேட் மாற்றலாம். ஆனால் பேட்டின் ஆழம் குறைவு, பெரிய காது என்றால் உள்ளே தட்டும்.

நாதஸ்வரம் கேட்பவர் என்பதால் ஓர் எச்சரிக்கை. பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோவை நிறையப் பேர் சிபாரிசு செய்வார்கள். கட்டுமானம் அருமை, ஆனால் மேல்ஸ்தாயி தூக்கலாக இருக்கும். சீவாளிச் சத்தம் காதில் குத்தும்.

கொங்குமணி:

குழந்தை அழுவதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அண்ணன் சொல்வதுதான் சரி, திறந்த வகைக்கே போங்கள்.

தவில் தள்ளி நிற்பதற்குச் செலவில்லாத வழி உண்டு. லேப்டாப் விண்டோஸ் என்றால் ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 4 டெசிபெல் ஏற்றுங்கள். கூடவே அதே மென்பொருளில் ப்ரீஆம்ப் என்கிற மொத்தச் சத்த அளவை 4 டெசிபெல் குறைத்து வைக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் சத்தம் உச்சத்தில் உடையும். மாடல் வாரியாகத் தயாரான அளவுகள் ஆட்டோஇக்யூ பட்டியலில் இலவசமாகக் கிடைக்கும். ஆண்ட்ராய்டு போனில் வேவ்லெட் செயலியில் அதே பட்டியல் இருக்கிறது.

வைகைக்கரை:

அண்ணே, மணி, சுருதிப்பெட்டி அக்கா, மூவருக்கும் நன்றி. ஃபேன் போகாது, பையன் குரல்தான் போகும் என்றதிலேயே முடிவு செய்துவிட்டேன். திறந்த வகைதான்.

இன்னும் இரண்டு சந்தேகம். பாட்டின் தரம் குறையாமல் தருகிற லாஸ்லெஸ் சந்தா கட்ட வேண்டுமா? அப்புறம், பழைய பாட்டு சிலவற்றில் வயலின் முழுக்க ஒரு காதிலும் தபலா முழுக்க மறு காதிலும் வருகிறது. இயர்பட்ஸிலேயே அது தொந்தரவாக இருக்கிறது. நல்ல ஹெட்போனில் சரியாகிவிடுமா?

சுருதிப்பெட்டி:

சரியாகாது, இன்னும் துலக்கமாகத் தெரியும். அந்தக் காலத்து ஸ்டீரியோவில் ஒவ்வொரு வாத்தியத்தையும் ஒரே பக்கம் ஒதுக்கி வைத்துக் கலப்பது சகஜம். ஸ்பீக்கரில் கேட்டால் இடது பக்கச் சத்தம் கொஞ்சம் வலது காதுக்கும் எட்டும், அதனால் உறுத்தாது. ஹெட்போனில் அந்தக் கலப்பு நடப்பதில்லை. கிராஸ்ஃபீட் என்று ஒரு வசதி அதைச் செய்து கொடுக்கும். லேப்டாப்பில் ஃபூபார்2000 பிளேயர் போட்டால் இலவசமாகச் சேர்த்துக்கொள்ளலாம். பழைய பாட்டுக்கு மட்டும் போடுங்கள், கச்சேரிக்கு எடுத்துவிடுங்கள்.

லாஸ்லெஸ்ஸுக்கு இப்போது காசு கட்ட வேண்டாம். பழைய பாட்டுக்கு எந்த டேப்பிலிருந்து எடுத்தார்கள் என்பதுதான் முக்கியம். ஒரே பாட்டு நாலு இடத்தில் நாலு விதமாக இருக்கும். சிலதில் இரைச்சலை நீக்குகிறேன் என்று தம்புராவின் ரீங்காரத்தையும் வயலின் வில்லின் உரசலையும் சேர்த்தே வழித்து எடுத்திருப்பார்கள், அதை லாஸ்லெஸ்ஸில் கேட்டாலும் போனது போனதுதான். கொஞ்சம் டேப் இரைச்சல் இருக்கிற பதிப்பைத் தேடிக் கண்டுபிடியுங்கள். அந்த இரைச்சலுக்குப் பின்னால் வாத்தியம் உயிரோடு இருக்கும்.

சால்டர்கம்பி:

அக்கா சொன்னதற்கு மேல் அதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. தம்பி, கடைக்குப் போகும்போது செய்ய வேண்டியதை மட்டும் சொல்கிறேன். கண்ணாடியோடு அரைமணி நேரமாவது மாட்டிக்கொண்டு உட்காருங்கள், காதுக்கு மேலே அழுத்துகிறதா என்பது முதல் ஐந்து நிமிஷத்தில் தெரியாது. இரண்டு மாடலை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக வைத்துக் கேளுங்கள். கொஞ்சம் சத்தமாக ஒலிப்பது எப்போதும் நன்றாக இருப்பதுபோலத்தான் தோன்றும், விற்பவருக்கும் அது தெரியும். அவர்கள் போடும் டெமோ பாட்டு வேண்டாம், உங்களுக்கு வரிக்கு வரி தெரிந்த பாட்டைப் போனில் கொண்டுபோங்கள். கேட்கும்போது கேபிளை ஜாக் பக்கத்திலும் கப் பக்கத்திலும் மெதுவாக வளைத்துப் பாருங்கள், கரகரவென்றால் வேறு பீஸ் கேளுங்கள்.

மீதிக் காசில் ஒரு டாங்கிளும் உபரி ஆக்ஸ் கேபிள் ஒன்றும் எடுத்து வையுங்கள். ஆக்ஸ் ஒன்றரை மீட்டர் போதும், மூன்று மீட்டர் என்றால் நாற்காலிச் சக்கரத்தில்தான் மாட்டும்.