பாயிண்ட் கார்டு மெதுவாக ஓடினாலும் ஃபாஸ்ட் பிரேக் எப்படி வேகமாக இருக்கிறது?

கேரி_வாசி:
ராலே பக்கம் குடிவந்த பிறகுதான் கல்லூரிக் கூடைப்பந்து எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது. இப்போது நார்த் கரோலினா பல்கலைக்கழக அணியின் பழைய ஆட்டங்களைத் தேடிப் பிடித்துப் பார்க்கிறேன். 2009 அணி ஏன் அவ்வளவு வேகம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, டை லாசன் பந்தோடு பறக்கிறார். புரியாதது 2012 அணிதான். பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிற பாயிண்ட் கார்டு கெண்டல் மார்ஷல் ஓட்டத்தில் சாதாரணம். ஆனாலும் ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்து) எடுத்த சில விநாடிகளில் பந்து மறுபக்கக் கூடைக்குள் விழுந்துவிடுகிறது, ஃபாஸ்ட் பிரேக் என்கிறார்களே அது. இரண்டு அணிக்கும் ராய் வில்லியம்ஸ்தான் பயிற்சியாளர், ஆட்டமுறையும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்படியானால் மார்ஷல் அங்கே என்னதான் செய்கிறார்?

ஹூப்ஸ்_குமரன்:
லாசனின் கால் வேகத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 2009 தேசிய இறுதிப் போட்டியில் மிச்சிகன் ஸ்டேட்டுக்கு எதிராக அவருக்கு 8 ஸ்டீல், அது அப்போது இறுதிப் போட்டிச் சாதனை. பந்தைப் பறித்த கையோடு ஓடுகிறவருக்கு பாஸ் எதற்கு? முதல் பாதியிலேயே 55 புள்ளிகள் குவித்தார்கள்.

பழைய_சென்டர்:
நான் கல்லூரி அணியில் சென்டராக, அதாவது கூடைக்கு அருகே ஆடும் உயரமான வீரராக, ஆடியவன். அதனால் பந்தை வைத்திருப்பவரைவிட, பந்தில்லாமல் ஓடுகிறவரின் பக்கமிருந்துதான் எனக்கு இந்தக் கேள்வி புரிகிறது.

கரோலினா முறையில் ஒவ்வொருவருக்கும் ஒரு பாதை உண்டு. இரண்டு விங் வீரர்களும் ஓரக்கோட்டை ஒட்டி ஓட வேண்டும். பெரிய வீரர்களில் முன்னே இருப்பவர் நேராகக் கூடைக்கு. பின்னால் வருபவர் டிரெய்லர். எதிரணி கூடை போட்டாலும் இதே ஓட்டம்தான்: ஒரு பெரிய வீரர் பந்தை எடுத்துக் கோட்டுக்கு வெளியிலிருந்து உடனே களத்துக்குள் வீசுவார், மற்றவர்கள் அதற்குள் கிளம்பியிருப்பார்கள்.

இதில் கஷ்டமான வேலை கூடைக்கு ஓடும் பெரியவருடையது. ஏழடி உயரம், இப்போதுதான் மறுபக்கம் முட்டிமோதித் தடுத்துவிட்டு வந்திருக்கிறார். ஓடுகிற பத்து தடவையில் ஏழெட்டு தடவை பந்து வராது. வரும் என்ற நம்பிக்கை போய்விட்டால் கால் தானாகத் தளரும், எனக்குத் தளர்ந்திருக்கிறது. எங்கள் அணியில் ஒரு பாயிண்ட் கார்டு நல்ல வேகக்காரன், ஆனால் தலையைக் குனிந்து பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே (டிரிபிள்) ஓடுவான். அவனோடு ஆடும்போது நான் நடுக்கோட்டைத் தாண்டியதும் நடப்பேன். இன்னொருவன் அவனைவிட மெதுவானவன். ஆனால் நான் தாண்டும்போதே என்னைப் பார்த்திருப்பான். அவன் ஆடும் நாளில் ஓடாமல் இருக்க எனக்கு மனசே வராது.

மார்ஷல் இந்த இரண்டாம் வகையின் உச்சம். ரீபவுண்ட் எடுத்தவர் தரும் முதல் பாஸை, அதாவது அவுட்லெட் பாஸை, வாங்கும்போது அவர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். முதுகு ஓரக்கோட்டின் பக்கம், அதனால் முழுக் களமும் கண்ணுக்கு முன்னால். யார் ஓடுகிறார் என்பதை அவர் பந்து கைக்கு வருமுன்பே பார்த்துவிடுகிறார். ஒன்றிரண்டு டிரிபிள், பந்து முன்னே போய்விடும். பந்து பறக்கும் வேகத்துக்கு எந்தக் காலும் ஈடாகாது. அந்த ஒரே பருவத்தில் அவர் கொடுத்த அசிஸ்ட் (கூடையில் முடிந்த பாஸ்) 351, கரோலினா ஆடும் ஏசிசி லீக்கின் சாதனை. அந்த அணியின் ஏழடி வீரர் டைலர் ஜெல்லர் அந்த வருடம் மூச்சைப் பிடித்து ஓடிக்கொண்டே இருந்ததற்கு இதுதான் காரணம் என்பேன். அவர் கூடைக்கு ஓடினால் இரண்டு தடுப்பாளர்கள் கூடவே உள்ளே போவார்கள். பந்து அவருக்குக் கிடைக்காவிட்டாலும் விங் வீரர் ஹாரிசன் பார்ன்ஸ் வெளியே தனியாக நிற்பார்.

லாசனும் பந்தை முன்னே கொடுக்கத் தெரிந்தவர்தான், குமரன். ஆனால் அவர் இருந்தால் எதிரணி பந்தைப் பார்த்துப் பயப்படும். மார்ஷல் இருந்தால் மற்ற நான்கு பேரையும் பார்த்துப் பயப்பட வேண்டும்.

கேரி_வாசி:
நன்றி அண்ணா. ஒரு சந்தேகம். 2012 தேசியத் தொடரில் கிரைட்டனோடு ஆடும்போது மார்ஷலின் வலது மணிக்கட்டு முறிந்ததே, அதன் பிறகு ஓஹையோ, கான்சஸ் ஆட்டங்களில் வந்த முதலாண்டு மாணவர் ஸ்டில்மன் வைட் ஒரு டர்னோவர்கூட (பந்தை எதிரணியிடம் இழப்பது) செய்யவில்லை. அப்புறம் ஏன் அணி அப்படித் திணறியது?

பழைய_சென்டர்:
வைட்டின் பேரில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். மாற்று பாயிண்ட் கார்டாக இருந்த டெக்ஸ்டர் ஸ்ட்ரிக்லண்டுக்கு ஜனவரியிலேயே முழங்கால் போய்விட்டது, லாரி ட்ரூ முந்தைய வருடமே அணியைவிட்டு விலகிவிட்டார். அந்தச் சூழலில் ஒரு பையன் வந்து இரண்டு ஆட்டத்தில் 13 அசிஸ்ட் கொடுத்து, பந்தையும் தொலைக்காமல் ஆடியது பெரிய காரியம்.

ஆனால் அந்த ஆட்டங்களில் பந்து பத்திரமாக மறுபக்கம் வந்தது, அவ்வளவுதான். நடுக்கோட்டுக்கு அப்பால் நாற்பதடி பாஸ் போடும் துணிச்சலை அனுபவமில்லாத பையனிடம் எதிர்பார்க்க முடியாது. கான்சஸுக்கு எதிராக முதல் பாதி 47க்கு 47. இரண்டாம் பாதியில் கரோலினா எடுத்தது வெறும் 20. கடைசி நிமிடங்களில் கான்சஸ் பயிற்சியாளர் பில் செல்ஃப் தடுப்பை மாற்றினார்: மூன்று பேர் கூடைக்கு அருகே முக்கோணமாக, இரண்டு பேர் மட்டும் ஆளைப் பிடித்து. எதிரணி ஓடி வந்துகொண்டே இருந்தால் இப்படி நிதானமாக இடம்பிடித்து நிற்க நேரமே கிடைக்காது. 80க்கு 67 என்று ஆட்டம் முடிந்தது. மார்ஷல் இருந்திருந்தால் அந்த அணி கோப்பை வாங்கியிருக்கும் என்று இன்றும் நம்புகிறேன்.

அயோவா_ரசிகை:
பெண்கள் ஆட்டத்தில் இதைப் பார்க்க வேண்டுமென்றால் கெய்ட்லின் கிளார்க் அயோவா பல்கலைக்கழகத்துக்கு ஆடிய ஆட்டங்களைப் போடுங்கள். அவர் தூரத்திலிருந்து போடும் மூன்று புள்ளிகளைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள், எனக்குப் பிடித்தது அவருடைய பாஸ். பல தடவை ரீபவுண்டையும் அவரே எடுப்பார், அதனால் அவுட்லெட் பாஸ் என்ற ஒரு படியே தேவைப்படாது. அணித்தோழி ஹன்னா ஸ்டூல்கி அதற்குள் பாதிக் களம் கடந்திருப்பார். கிளார்க் நடுக்கோட்டுக்கு வருமுன்பே தடுப்பாளர் முன்னே வந்து அவரை மறிக்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கிருந்தே போட்டுவிடுவார். அப்படி முன்னே வந்தால் பின்னால் கூடை காலி.

இதற்கு ஒரு விலையும் உண்டு. 2023-24 பருவத்தில் ஆட்டத்துக்கு 8.9 அசிஸ்ட், கூடவே நான்குக்கும் மேல் டர்னோவர். பயிற்சியாளர் லீசா ப்ளூடர் அதற்காக அவரைக் கட்டிப்போடவில்லை. கட்டிப்போட்டிருந்தால் ஸ்டூல்கியும் நடுக்கோட்டோடு நடக்க ஆரம்பித்திருப்பார், பழைய_சென்டர் சொல்வது போல.