‘யார்கிட்டயும் சொல்லிராதீங்கக்கா’ என்று கேட்டாள், நான் தலையாட்டிவிட்டேன்

முக்கூடல் பக்கம் கள வேலை பார்க்கிறேன். சமூகப்பணி படிப்பு முடித்து முதல் வேலை. நேற்று ஒரு திண்ணையில் 15 வயசுப் பிள்ளை, சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே, முறைக்குச் சித்தப்பா ஒருவர் தன்னிடம் தப்பாக நடந்துகொள்வதைச் சொன்னாள். கை நிற்கவே இல்லை. இலை மட்டும் இரண்டு தடவை கிழிந்தது. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. சொன்ன வாக்கை மீறலாமா?

பதில்: மீறித்தான் ஆகணும் தங்கச்சி, இன்றைக்கே. பிள்ளைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான 2012 போக்சோ சட்டத்தில், தெரிந்தால் தகவல் சொல்லணும் என்கிற 19-ஆம் பிரிவு எல்லாருக்கும் பொருந்தும். காவல் நிலையத்தில் தெரிவிக்காவிட்டால் 21-ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை. நல்லெண்ணத்தோடு சொன்னவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. பிள்ளைகளுக்கான உதவி எண் 1098-க்கும் கூப்பிடுங்கள்.

பதில்: பிள்ளையிடம் மறைக்காதீர்கள். வாக்குமூலம் வீட்டிலேயே வாங்கலாம், போலீஸ் சீருடையில் வரக் கூடாது, பேர் பேப்பரில் வராது என்று சொல்லுங்கள். அவளுக்கு அந்தப் பயம்தான் பெரிசாக இருக்கும். நான் இப்போதெல்லாம் பேச்சைத் தொடங்கும்போதே, ‘உனக்கு ஆபத்து என்றால் மட்டும் என்னால் மறைக்க முடியாது’ என்று சொல்லிவிடுகிறேன்.

கேட்டவர்: மத்தியானமே தகவல் கொடுத்துவிட்டேன் அக்கா. அவளிடமும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், ‘நீங்க கூட இருப்பீங்களா?’ என்று மட்டும் கேட்டாள். நாளைக் காலை முதல் பஸ்ஸில் போகிறேன்.