மறு: கூண்டெலிக்குச் 'செறிவூட்டல்' சரிதானா?

> 'என்விரான்மென்டல் என்ரிச்மென்ட்' என்பதற்குச் 'சூழல் செறிவூட்டல்' போதுமே. பொருள் பிழையில்லை.

ஐயா, பிழையில்லைதான். நாம் மொழிபெயர்க்கும் நூலில் அது, ஆய்வுக்கூட எலியின் கூண்டில் அதன் இயல்புக்கு ஏற்ற பொருள்களை வைத்து வாழ்வை மேம்படுத்துவதைக் குறிக்கிறது. ஆனால் செறிவூட்டல் என்றதும் யுரேனியம் நினைவுக்கு வருகிறது, இல்லாவிட்டால் ரேஷன் அரிசி. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். 'செறிவூட்டிய கூண்டு' என்று எழுதினால் எலிகளை நெருக்கி அடைத்த கூண்டு என்றல்லவா படிப்பார்கள்?

> 'இயல்பூக்கம்'?

அழகான சொல். உளவியல் நூல்களில் வேறு பொருளில் ஏற்கெனவே குடியேறிவிட்டது.

என் பரிந்துரை 'வளமூட்டல்'. 1940களில் கனடா உளவியலாளர் டொனால்ட் ஹெப் சில எலிகளை வீட்டில் செல்லமாக வளர்த்தார். சிக்கல் தீர்க்கும் சோதனைகளில் அவை கூண்டெலிகளை முந்தின. 1960களில் அமெரிக்காவின் பெர்க்லியில் மார்க் ரோசன்ஸ்வைக், மரியன் டயமண்ட் குழுவினர், துணையும் விளையாட்டுப் பொருள்களும் பெற்ற எலிகளின் மூளைப் புறணி (மூளையின் வெளியடுக்கு) தடித்திருக்கக் கண்டார்கள். 'வளமூட்டிய கூண்டில் வளர்ந்த எலிகள்' என்று இந்த இடத்தில் போட்டுப் பாருங்கள், உறுத்தவில்லை. கூடு கட்டக் கிழிக்கும் காகிதம், கொறிக்க மரக்கட்டை, பதுங்க ஒளி ஊடுருவும் செந்நிறக் குடில் எல்லாம் இதற்குள் அடங்கும். (அந்தச் சிவப்பு அலங்காரத்துக்கு அல்ல. எலிக்குச் சிவப்பு ஒளி சரியாகத் தெரியாது. அதற்கு உள்ளே இருட்டு. நமக்கோ அது உறங்குவது தெரியும்.)

> துணை எலியும் இதில் சேருமா?

இங்கேதான் எனக்குத் தயக்கம். ஊட்டுவது என்றால் இருப்பதற்கு மேல் கொடுப்பது. 'எலி வளையானாலும் தனி வளை' என்று நாம் சொன்னது எலியைக் கேட்டுச் சொன்னதல்ல. அது கூட்டமாக வாழும் பிராணி. துணையைப் பறித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பதற்கு வளமூட்டல் என்று பெயரா? உயரமும் அப்படித்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010ஆம் ஆண்டு நெறிமுறை எலிக்கூண்டுக்குக் கேட்கும் குறைந்தபட்ச உயரம் 18 செ.மீ. வளர்ந்த எலி பின்கால்களில் முழுதாக நிமிர்ந்து நிற்க அது போதாது. நிமிர்ந்து நிற்பதைச் சலுகைப் பட்டியலில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அவற்றை 'அடிப்படைத் தேவை' என்றே தனியாக எழுதுகிறேன்.

---

மறு: மறு: கூண்டெலிக்குச் 'செறிவூட்டல்' சரிதானா?

வளமூட்டல் என்றால் உரம் போடுவது போல இருக்கிறதே என்று முதலில் நினைத்தேன். பரவாயில்லை, பழகிவிடும். ஆனால் எதிர்ச்சொல்லும் வேண்டுமே. மூல நூலில் ஒன்றுமில்லாத கூண்டுக்கு 'மலட்டுக் கூண்டு' என்னும் பொருளில் ஒரு சொல் இருக்கிறது. தமிழில் அது வேண்டாம். 'வெற்றுக் கூண்டு' என்று வைத்துக்கொள்கிறேன். மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்; அன்று மாலை அத்தியாயம் மெய்ப்புக்குப் போகிறது.