தையல் ஆறிய பிறகு

(இதய சிகிச்சைக்குப் பின் வரும் மனச்சோர்வு, பயம் பற்றி எங்கள் குழு உறுப்பினர்கள் எழுதியவை)

உறுப்பினர், பாளையங்கோட்டை:

எனக்கு 58 வயதில் மூன்று இரத்தக்குழாய்களில் அடைப்பு இருப்பது ஆஞ்சியோவில் தெரிந்து, பைபாஸ் செய்தார்கள். நெஞ்செலும்பு கூடிவர மூன்று மாதம் வரை ஆகலாம், அதுவரை எடை தூக்கக் கூடாது, இருமும்போது தலையணையை மார்போடு அணைத்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் வீட்டுக்கு அனுப்பும்போது விளக்கமாகச் சொன்னார்கள். உப்பு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு என்று அச்சடித்த தாளும் தந்தார்கள். அந்தத் தாளில் மனத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஆறாவது வாரம் எக்கோ ஸ்கேனில் இதயத்தின் பம்பிங் 55 சதவீதம், அதாவது இயல்பான அளவு, என்று வந்தது. மருத்துவர் கைகுலுக்கி அனுப்பினார். வீட்டிலோ நான் அரை மணிக்கொரு முறை மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணிக்கொண்டிருந்தேன். படுத்தால் துடிப்பு தலையணை வழியாகக் காதில் கேட்கும் என்பதால், விடியும்வரை ஈசி சேரிலேயே உட்கார்ந்திருப்பேன். நெஞ்சு வலித்தால் நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரை சட்டைப் பையில் இருக்கிறதா என்று நாளுக்குப் பலமுறை தொட்டுப் பார்ப்பேன். பல ஆண்டுகளாக வரி விடாமல் படித்துவந்த நாளிதழ் மடிப்புக் கலையாமல் கிடந்தது. பார்க்க வந்த உறவினர்கள் எல்லோரும், "தைரியமா இருங்க, மறுபிறவி எடுத்திருக்கீங்க" என்றார்கள். மறுபிறவி எடுத்தவன் அழக் கூடாது என்று எனக்கும் தோன்றியதால், தண்ணீர் மோட்டார் ஓடும் நேரமாகப் பார்த்துக் குளியலறையில் அழுதேன்.

மூன்றாவது மாதப் பரிசோதனையின்போது, வழக்கமான மருத்துவர் விடுப்பில் இருந்ததால், ஓர் இளம் மருத்துவர் பார்த்தார். அசதியாக இருக்கிறது என்று மட்டுமே சொன்னேன். அவர் மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விகள் கொண்ட தாளை நீட்டி, கடந்த இரண்டு வாரங்களில் இவை எந்த அளவுக்கு இருந்தன என்று 0 முதல் 3 வரை குறிக்கச் சொன்னார். மொத்தம் 27-இல் எனக்கு 16 வந்தது. 10 வந்தாலே கவனிக்க வேண்டும் என்றார். ஒன்பதாவது கேள்வி, இருப்பதைவிடச் சாவதே மேல் என்ற எண்ணம் வந்ததா என்பது. 'சில நாட்கள்' என்று நான் குறித்ததைப் பக்கத்திலிருந்த என் மனைவி பார்த்துவிட்டாள். அதன் பிறகு மருத்துவர் வெகுநேரம் என்னிடம் விசாரித்து, அன்றே மனநல மருத்துவரிடம் அனுப்பினார். இரவில் அந்த எண்ணம் வந்தால் அழைக்கச் சொல்லி, அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416-ஐயும் எழுதிக் கொடுத்தார். திரும்பும் வழியில் பேருந்தில் என் மனைவி எதுவும் பேசவில்லை. இறங்கும்வரை என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

மனச்சோர்வுக்குத் தந்த செர்ட்ராலின் மாத்திரையை இதய நோயாளி விழுங்கலாமா என்று பயந்தேன். மாரடைப்போ கடும் நெஞ்சுவலியோ வந்து மனச்சோர்வுக்கு ஆளான 369 பேரிடம் நடத்தி 2002-இல் வெளியிட்ட ஆய்வில், அது இதயத்துக்குத் தீங்கு செய்யவில்லை என்று மனநல மருத்துவர் விளக்கினார். ஆஸ்பிரினும் சேர்த்துச் சாப்பிடுவதால் இரத்தக்கசிவு கூடலாம், ஈறில் இரத்தம் கசிந்தால் உடனே சொல்ல வேண்டும் என்றும் எச்சரித்தார். மூன்று வாரம் ஒரு மாற்றமும் தெரியவில்லை. ஐந்தாவது வாரத்தில் ஒரு நாள், மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோதுதான், காலையிலிருந்து நாடி பார்க்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

உறுப்பினர், தஞ்சாவூர்:

என் கணவருக்கு நெஞ்சில் ஐசிடி கருவி வைத்திருக்கிறார்கள். துடிப்பு தாறுமாறானால் அதுவே ஷாக் கொடுத்துச் சரிசெய்யும். ஒருநாள் மாடிப்படி ஏறும்போது, மாடு முட்டித் தள்ளியதுபோல் அது அடித்தது. கருவியைப் பரிசோதித்தவர்கள், அது தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது என்றார்கள். அதற்குப் பிறகு அவர் ஏழு மாதம் மாடிப்பக்கமே போகவில்லை. பிசியோதெரபிஸ்ட் உடன் நிற்க, முதல் வாரம் நான்கு படி, அடுத்த வாரம் எட்டு என்று ஏறித்தான் மீண்டார். அந்த ஏழு மாதமும் இரவில் விழித்திருந்து அவர் மூச்சை எண்ணிக்கொண்டிருந்த என்னை, நீ எப்படி இருக்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை. இதைக் குறையாகவே எழுதுகிறேன்.

உறுப்பினர், இதய மறுவாழ்வுப் பிரிவில் பணிபுரிபவர்:

மனம் தேறினால் அடைப்பும் கரைந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அமெரிக்காவில் மாரடைப்பு வந்த 2,481 பேரிடம் நடத்தி 2003-இல் வெளியான ஆய்வில், பேச்சுவழிச் சிகிச்சை மனச்சோர்வைக் குறைத்தது. ஆனால் மரணத்தையும் அடுத்த மாரடைப்பையும் குறைக்கவில்லை. இதய மாத்திரைகள் தொடர வேண்டும். ஆயினும், சோர்ந்துபோனவர்கள்தான் முதலில் மாத்திரையை மறக்கிறார்கள், நடைப்பயிற்சியை விடுகிறார்கள் என்பதை அன்றாடம் பார்க்கிறேன். நிம்மதியாக வாழ்வதற்காகவே மனத்துக்கான சிகிச்சையைக் கேட்டுப் பெறலாம். அதற்கு வேறு காரணம் தேவையில்லை. நெஞ்சுவலி வந்தால் மட்டும், பதற்றமாகத்தான் இருக்கும் என்று நீங்களே முடிவு செய்யாமல் 108-ஐ அழையுங்கள்.

உறுப்பினர், பாளையங்கோட்டை:

தஞ்சாவூர்ச் சகோதரி எழுதியதை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். தானும் மூச்சை எண்ணியதாக இப்போதுதான் சொல்கிறாள்.