புதுப்பிப்பு: பால் போதவில்லை என்று எழுதியிருந்தேன்

மகள் பிறந்த நான்காம் நாள், பால் போதவில்லை, காம்புகள் வெடித்துவிட்டன, பால்மா வாங்கலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். வாங்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் பிரசவத்தின் பின் முதல் 10 நாட்களுக்குள் இரு முறை வீட்டுக்கு வந்து பார்ப்பது குடும்பநல உத்தியோகத்தரின் (அரச மருத்துவிச்சியின்) கடமை. மறுநாள் வந்தவர், எதுவும் சொல்லாமல் நான் பாலூட்டும் விதத்தைச் சற்று நேரம் கவனித்தார். பிறகு, "குனியாதேங்கோ தங்கச்சி, பிள்ளையை மார்புக்குக் கொண்டு வாங்கோ" என்று சொல்லி, என் முதுகுக்குத் தலையணை வைத்து, குழந்தையின் காதும் தோளும் இடுப்பும் ஒரே கோட்டில் வரும்படி திருப்பி, அது வாயை அகலத் திறந்த கணத்தில் காம்பு மட்டுமன்றி அதைச் சுற்றியுள்ள கருவளையத்தின் பெரும்பகுதியும் வாய்க்குள் போகும்படி அணைக்கச் செய்தார். வலி குறைந்ததைவிட, குழந்தை விழுங்கும் சத்தம் கேட்டதுதான் என்னை அழவைத்தது.

பால் போதுமா என்பதை அழுகையை வைத்து முடிவு செய்யாமல், ஐந்தாம் நாளுக்குப் பின் 24 மணி நேரத்தில் 6 தடவையேனும் சிறுநீர் கழிக்கிறதா என்று எண்ணச் சொன்னார். மாமி நாட்காட்டியில் கோடு போட்டு எண்ணினார். பிறந்தபின் குறைந்திருந்த எடை பதின்மூன்றாம் நாள் திரும்பிவிட்டது. இப்படி அணைத்துப் பாலூட்டும் விதத்தை மருத்துவமனையிலேயே யாராவது அருகிலிருந்து காட்டியிருக்கலாம் என்ற ஆதங்கம் மட்டும் இன்னும் போகவில்லை.