வீட்டில் விளக்கேற்றினால் போதாதா? கோயில் எதற்கு?

நொய்யல்கரையான்:
எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் திருப்பணிக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போட்டிருக்கிறார்கள். கட்டிவிட்டேன், அதில் பேச்சில்லை. ஆனால் ரசீதை வாங்கிக்கொண்டு வீடு வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. சாமி கும்பிடக் கோயில் அவசியம்தானா?

எங்கள் அப்பாரு (அப்பாவின் அப்பா) கல்யாணம் கோயிலில் நடக்கவில்லை. வீட்டு வாசலில் பந்தல் போட்டு, எங்கள் பக்கம் கல்யாணச் சடங்கு செய்யும் அருமைக்காரர் நடத்தி வைத்தார். பட்டிப் பொங்கலுக்கு இன்றும் எங்களுக்கு மாடு கட்டும் கட்டுத்தரையில்தான் சாமி. சாணியில் சின்னத் தெப்பக்குளம் கட்டி, ஓரத்தில் கரும்பும் ஆவாரம்பூவும் நட்டு, தண்ணீர் ஊற்றி, கன்றுக்குட்டி அதை மிதித்துத் தாண்டும்படி விடுவோம். பூசாரி கிடையாது, கோபுரம் கிடையாது. அங்கே மனசு கரைகிற மாதிரி எனக்கு எந்தக் கோயிலிலும் கரைந்ததில்லை.

மற்ற மதங்களைப் பாருங்கள். கி.பி. 70இல் எருசலேம் ஆலயத்தை ரோமர்கள் இடித்தார்கள். பலி கொடுப்பது அன்றோடு நின்றது, யூத மதம் நிற்கவில்லை. முதல் கிறிஸ்தவர்கள் வீடுகளில்தான் கூடினார்கள். பூமி முழுவதுமே தொழுமிடம் என்று இஸ்லாம் சொல்கிறது. அப்படியானால் பக்தியின் உயிர் கட்டடத்தில் இல்லைதானே?

மஞ்சள்காட்டுக்காரி:
தம்பி, எல்லாவற்றையும் ஒரே தராசில் வைத்துவிட்டாய். அவர்களுக்கு அது கூடுகிற இடம். நமக்குக் கோயில் என்பது சாமி குடியிருக்கிற வீடு.

உங்கள் ஊரில் திருப்பணி தொடங்கும் முன் பாலாலயம் செய்தார்களா இல்லையா? மூலவரின் சக்தியைக் கும்பத்துக்கு மாற்றி, பலகையிலோ படத்திலோ எழுந்தருளச் செய்து, வேலை முடிகிற வரைக்கும் அங்கேதான் பூசை. கும்பாபிஷேகத்தன்று திரும்பக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். வெறும் கட்டடமென்றால் கொத்தனாரை விட்டுச் சுண்ணாம்பு அடித்தால் முடிந்தது, இத்தனையும் எதற்கு? பெரிய சிவன் கோயில்களில் ராத்திரி பள்ளியறைக்கு அனுப்பி, காலையில் எழுப்பி, குளிப்பாட்டி, அமுது படைக்கிறார்கள். ஒரு ஆள் தரிசனத்துக்கு வராவிட்டாலும் அது நடக்கும். நாம் போய்ப் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

என் மகன் கல்யாணத்துக்குக் குலதெய்வக் கோயிலில் பூக்கேட்டோம். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். இலையில் மடித்து அம்மன் காலடியில் போட்டு, எங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒரு வீட்டுக் குழந்தையை எடுக்கச் சொன்னோம். பொட்டலத்தைப் பிரிக்கிற அந்த நேரத்தில் நாற்பது பேர் நின்றும் மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. நினைத்த பூ வந்ததும் எனக்குக் கண்ணீர் கொட்டிவிட்டது. பூசை அறையில் உட்கார்ந்து இதைக் கேட்க முடியுமா?

கோட்டைமேட்டுக்காரர்:
நொய்யல்கரையான் அண்ணா சொன்னது பாதி சரிங்க. சுத்தமான இடம் எதுவானாலும் தொழலாம். தோட்டத்தில், ரயில் நிலையத்தில், கடைக்குப் பின்னால் எல்லாம் நான் தொழுதிருக்கிறேன். ஆனால் வெள்ளிக்கிழமை ஜும்ஆவைத் தனியாகத் தொழ முடியாது. தனித்துத் தொழுவதைவிடக் கூட்டாகத் தொழுவது 27 மடங்கு மேலானது என்று நபிமொழி இருக்கிறது.

பள்ளிவாசலுக்குள் சிலை இல்லை, கருவறை இல்லை. மிஹ்ராப் என்கிற மாடமும் தொழும் திசையைக் காட்டத்தான். அங்கே பெரிய விஷயம் வரிசைதான். நான் நகைப் பட்டறையில் வேலை செய்கிறேன். மதியம் வரை முதலாளி நாற்காலியில், நான் தரையில். ஜும்ஆவில் அவர் தோளும் என் தோளும் ஒட்டியிருக்கும். முதலில் வந்தவருக்கு முன்வரிசை. இதை வீட்டுக்குள் எப்படிக் கொண்டுவருவது?

அப்புறம், எங்கள் கோயம்புத்தூரில் கோனியம்மன் தேர் வரும் நாளில் ஒப்பணக்கார வீதிப் பள்ளிவாசல் முன்னால் நின்று தேர் இழுக்கிறவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்திருக்கிறேன். வடம் இழுத்த கையெல்லாம் சிவந்து கிடக்கும். பள்ளிவாசலும் தேரும் தெருவில் இல்லாவிட்டால் அந்தக் கைகளை நான் பார்த்திருக்கவே மாட்டேன்.

கருமத்தம்பட்டிப் பேரன்:
அக்கா, ‘அவர்களுக்குக் கூடுகிற இடம்’ என்று ஒரே வரியில் முடித்ததுதான் எனக்கு இடிக்கிறது. பல புராட்டஸ்டன்ட் சபைகளுக்கு அது பொருந்தலாம். கத்தோலிக்கக் கோயிலில், அர்ச்சித்த அப்பத்தை வைக்கும் நற்கருணைப் பேழை இருக்கிறது. அதன் பக்கத்தில் ஒரு விளக்கு அணையாமல் எரியும். உள்ளே யாருமே இல்லாத மத்தியானத்திலும் நாங்கள் முழங்கால் மடக்கித்தான் கடப்போம், ஏசு அங்கே இருக்கிறார் என்பதால். நீங்கள் சொல்கிற ‘வீடு’ எங்களுக்கும் உண்டு.

2020இல் ஊரடங்கில் கோயில் பூட்டியிருந்தபோது கைப்பேசியில் பூசை பார்த்தோம். பாட்டு கேட்டது, பிரசங்கம் கேட்டது, நன்மை (நற்கருணை அப்பம்) வாங்க மட்டும் வழியில்லை. அப்பத்தை அலைபேசிக்குள் அனுப்ப முடியாதே. எங்கள் பாட்டி திரைக்கு முன்னால் நாக்கை நீட்டப் போய், நிறுத்திக்கொண்டு அழுதார். அன்றைக்குத்தான் கோயில் எதற்கு என்று எனக்குப் புரிந்தது. அக்டோபரில் செபமாலை மாதா தேருக்கு அவரைத் தூக்கிக்கொண்டாவது போகிறோம்.

யூதரைப் பற்றியும் ஒன்று. ஆலயம் போன பிறகும் அவர்கள் கூட்டு வழிபாட்டின் சில முக்கியமான செபங்களுக்குப் பத்துப் பேர் சேர வேண்டும் என்பது மரபு. கல் போனாலும் ஆள் வேண்டும்.

வேப்பமரத்தடி:
எல்லோரும் உள்ளே நின்று பேசுகிறீர்கள். நான் வெளியே நின்று பேசுகிறேன்.

எங்கள் அம்மா பிறந்த ஊரில் நோம்பி (திருவிழா) சாட்டினால் எங்கள் தெருவில் வரி வாங்க மாட்டார்கள். வாங்கினால் உரிமை கொடுக்க வேண்டும், அதனால் வாங்குவதில்லை. எங்கள் அமுச்சி (அம்மாவின் அம்மா) பூவோடு என்கிற தீச்சட்டி எடுத்ததை நான் சின்ன வயதில் பார்த்தேன். சட்டியில் நெருப்பு, அடியில் ஒரு கொத்து வேப்பிலை. மற்றவர்கள் எல்லாம் உள்ளே போய்ச் சட்டியை இறக்கினார்கள். எங்கள் அமுச்சி வாசலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்தார். விரதம் அதே விரதம். உள்ளங்கை அதே மாதிரிதான் கன்றியிருந்தது.

எல்லாச் சாதியாரும் கோயிலுக்குள் போகலாம் என்ற ஆலயப் பிரவேசச் சட்டம் 1947இல் வந்தது. நான் சொல்வது அதற்கு எத்தனையோ வருடம் கழித்து. சாமி குடியிருக்கிற வீடு என்கிறீர்கள் அக்கா. அந்த வீட்டுக்குள் யார் வரலாம் என்று சாமியா முடிவு செய்தது?

கோட்டைமேட்டு அண்ணன் சொன்ன வரிசையைப் படித்து ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அமிர்தசரஸ் பொற்கோயிலுக்கு நான்கு திசையிலும் வாசல், லங்கர் என்கிற அன்னதானக் கூடத்தில் யாராக இருந்தாலும் தரையில் ஒரே பந்தி. கோயில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நொய்யல்கரையான் அண்ணா, உங்கள் ஊர் வரிச் சீட்டில் எல்லாத் தெருவும் இருக்கிறதா?

மஞ்சள்காட்டுக்காரி:
சாமி முடிவு செய்யவில்லை, கண்ணு. மனுசன் செய்தது. அந்த அம்மாளின் நெருப்பைத் தாங்கிய கைக்கு முன்னால் நான் எந்த ஆகமத்தையும் எடுத்துப் பேச மாட்டேன். ஆனால் வாசலை அடைத்தது தப்பு என்பதால் வீடே வேண்டாம் என்று ஆகாது. உள்ளே அம்மன் இருக்கிறாள் என்று நம்பித்தானே அவரும் அத்தனை தூரம் சுமந்துபோனார்?

நொய்யல்கரையான்:
போன மாதம் பெருந்துறைப் பக்கம் விசயமங்கலத்தில் சந்திரப்பிரபர் கோயிலுக்குப் போயிருந்தேன். கொங்கில் சமணம் செழித்திருந்த காலத்துக் கோயில். சமணர்கள் தங்கள் ஞானகுருவான தீர்த்தங்கரரிடம் வரம் கேட்பதில்லை, அவர் நடந்த வழியை நினைக்கத்தான் வணங்குகிறார்கள். கல் அப்படியே நிற்கிறது. அதைக் கட்டிக் கும்பிட்ட சமூகம் அந்தப் பக்கம் இன்று கண்ணில் படவில்லை. இடம் இருந்தும் ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அங்கே பார்த்தேன். அதனால் அக்கா சொல்வதை முழுதாக ஏற்க இன்னும் முடியவில்லை.

வேப்பமரத்தடித் தம்பி கேட்ட பிறகு வரி வசூலிக்கிறவரிடம் போய் நோட்டைப் பார்த்தேன். கீழத்தெரு அதில் இல்லை. 38 வருடம் இந்த ஊரில் இருக்கிறேன், ஒருநாளும் நான் அதைப் பார்க்கவில்லை. வெட்கமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கூட்டம் போட்டிருக்கிறார்கள். கீழத்தெருவிலும் வரி வாங்க வேண்டும், தீர்த்தக்குடமும் பூவோடும் எல்லோரும் உள்ளேயே இறக்க வேண்டும் என்று எழுந்து சொல்லப் போகிறேன். என் பங்காளிகளே எதிர்ப்பார்கள் என்று தெரியும்.

கோட்டைமேட்டுக்காரர்:
சொல்லுங்க அண்ணா. தனியாக எழுந்திருக்காதீங்க, கூட நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு போங்க.

வேப்பமரத்தடி:
கூட்டத்தில் என்ன சொன்னார்கள் என்று அப்படியே இங்கே எழுதுங்க, நல்லது கெட்டது எதுவானாலும் சரி. தலைக்கட்டுக்கு எவ்வளவு வரி என்பதையும் எழுதுங்க. அம்மா கேட்கச் சொன்னார்.