சாயங்காலம் மட்டும் மூடாத கேட்: சென்சார் வேலை தெரிந்தவர்கள் உதவுங்கள்

பெரும்பாக்கத்தில் 64 வீடுகள் உள்ள குடியிருப்பு எங்களுடையது. தெற்குப் பார்த்த ஸ்லைடிங் கேட், 800 கிலோ வகை மோட்டார், போட்டு 4 வருடம் ஆகிறது. மூன்று வாரமாகச் சாயங்காலம் 5 மணிக்கு மேல் கேட் பாதியில் நின்று, திரும்பத் திறந்துகொள்கிறது. இருட்டியதும் சரியாகிவிடும்.

சர்வீஸ்காரர், குறுக்கே யாராவது வந்தால் கேட்டை நிறுத்தும் சென்சாரின் ஒயரைப் பிரித்து, போர்டிலேயே ஒரு துண்டு ஒயர் போட்டு இணைத்துவிட்டுப் போனார். கேட் மூடியது, ஆனால் குறுக்கே யார் வந்தாலும் நிற்கவில்லை. நேற்று பக்கத்து பிளாக் பாப்பாவின் சைக்கிள் பின்சக்கரம் நசுங்கிவிட்டது. வாட்ச்மேன் அண்ணன் ஓடிவந்து அவளைத் தூக்கியிராவிட்டால், நினைக்கவே கை நடுங்குகிறது.

உடனே மோட்டாரை நிறுத்திவிட்டோம். அண்ணன்தான் ஒவ்வொரு வண்டிக்கும் கையால் தள்ளுகிறார். பாவம், முட்டிவலிக்காரர்.

ஒயரைப் பழையபடி மாட்டி, சென்சார் கண்ணாடியைத் துடைத்தோம், நேராக இருக்கிறதா என்று பார்த்தோம், தகரத்தில் மறைப்பும் வைத்தோம். பலனில்லை. சென்சாரில் டிரான்ஸ்மிட்டர் அனுப்பும் கதிரை வாங்கும் ரிசீவர் கிழக்குத் தூணில் மேற்குப் பார்த்து இருக்கிறது. வெயில் நேராக அதில்தான் அடிக்கிறது. கிழக்கே வேப்பமரம் இருப்பதால் காலை வெயில் தொல்லை இல்லை.

டிரான்ஸ்மிட்டரையும் ரிசீவரையும் தூண் மாற்றிப் பொருத்தினால் இது தீருமா?